பின்கட்டுக் கதவில் பூனைக்கு வழி: தேக்குக் கதவு, இரண்டு பூனை, ஒரு மாமியார்

வேப்பமரத்தடி (ராஜபாளையம்)
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு பூனைகள். கறுப்பிக்கு நாலு வயது, நல்ல சதைப்பிடிப்பு. செவலை அவள் போட்ட குட்டி, ஒன்றரை வயதுக் கடுவன். இரண்டுக்கும் கு.க. ஆபரேஷன் ஆகிவிட்டது. தினமும் காலை நாலரைக்குக் கறுப்பி உள்ளேயிருந்து பின்கதவைப் பிறாண்டுகிறாள். எழுந்து திறந்துவிட்டு வந்து படுத்தால், ஐந்து மணிக்குச் செவலை வெளியேயிருந்து பிறாண்டுகிறான். வீட்டுக்காரர் குறட்டை விடுவதை நிறுத்துவதே இல்லை. எழுவது நான்தான்.

கதவில் ஒரு சின்னக் கதவு பொருத்தலாம் என்று ஆன்லைனில் பார்த்தால் 900 ரூபாயிலிருந்து என்னென்னவோ காட்டுகிறது. அளவு எப்படி எடுப்பது, எது வாங்குவது, யாரை வைத்துப் போடுவது, எதுவும் பிடிபடவில்லை. இன்னொரு சிக்கல்: அது மாமியார் கல்யாணமாகி வந்தபோதே இருந்த தேக்குக் கதவு. "அதுல ஓட்டை போட்டா நான் என் மக வீட்டுக்குப் போயிடுவேன்" என்கிறார்.

பாசிப்பயறு (மதுரை)
ராஜபாளையத்தில் இருந்துகொண்டு பூனைக்குக் கதவு கேட்கிறீர்களா? ஊர்ப் பெயரையே நாய்க்குக் கொடுத்த மண் அம்மா அது! சரி, கிண்டல் போதும். பூனைக் கதவைக் கண்டுபிடித்தவரே ஐசக் நியூட்டன்தான். பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டை, குட்டிக்குச் சின்ன ஓட்டை என்று இரண்டு போட்டாராம். நீங்களும் இரண்டு போடுங்கள்.

குரோய்டன்வாசி (லண்டன்)
நியூட்டன் கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இங்கே எக்ஸெடர் பேராலயத்தில் பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள மரக்கதவில் பூனைக்கென்று வட்டமாக ஒரு ஓட்டை இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். எலி பிடிக்கும் பூனைக்கு வாரம் ஒரு பென்னி என்று 1305 முதல் 1467 வரை கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். நியூட்டன் பிறந்தது 1642-இல். சம்பளம் வாங்கும் பூனை அதற்கு முன்னூறு வருஷம் முந்தியே இருந்திருக்கிறது.

அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் வகை. வெறும் மடிப்புத் தகடு: தள்ளினால் திறக்கும், யார் தள்ளினாலும் திறக்கும். அடுத்தது நாலு நிலைப் பூட்டு உள்ளது: இரு பக்கமும் போகலாம், உள்ளே மட்டும் வரலாம், வெளியே மட்டும் போகலாம், மொத்தமாகப் பூட்டு. ஒரு குமிழைத் திருப்பினால் நிலை மாறும். மூன்றாவது, கழுத்துப் பட்டையில் காந்தம் தொங்கவிடுவது. அதை நான் சொல்ல மாட்டேன். எங்கள் பூனை ஆறு மாதத்தில் மூன்று பட்டையைத் தொலைத்தது, ஒரு தடவை காந்தம் ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொண்டு அது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். நாலாவது மைக்ரோசிப் படிப்பது. பூனையின் தோளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி அளவு சிப் போட்டிருப்பார்கள். அதில் 15 இலக்க எண். கதவு அந்த எண்ணைப் படித்து நம் பூனைக்கு மட்டும் திறக்கும். நாலு சாதா பேட்டரியில் ஓடும், கரண்ட் வேண்டாம். இங்கிலாந்தில் 2024 ஜூன் முதல் வளர்ப்புப் பூனைக்குச் சிப் கட்டாயம் என்பதால் இங்கே எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள். அங்கே இறக்குமதி விலை வயிற்றைக் கலக்கும்.

உளிச்சத்தம் (தென்காசி)
தச்சு வேலை என் தொழில், இருபத்திரண்டு வருஷம். விலையைப் பார்க்கும் முன்னால் கதவைப் பாருங்கள் அம்மா. அது சட்டமும் பலகையுமாக இருக்கும் பேனல் கதவா, வழுவழுவென்று ஒரே தட்டையாக இருக்கும் ஃப்ளஷ் டோரா? பேனல் என்றால் அடிப் பலகையின் அகலம், உயரம், கனம் மூன்றையும் எழுதுங்கள். பலகை சட்டத்தின் காடிக்குள் சொருகி இருக்கிறதா, சுற்றிலும் பீடிங் அடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போட்டோ இருந்தால் நல்லது.

வேப்பமரத்தடி
பேனல் கதவுதான் அண்ணா. கீழே இரண்டு பலகை, மேலே இரண்டு. கீழ்ப் பலகை ஒன்று 32 செ.மீ. அகலம், 58 செ.மீ. உயரம். கனத்தை எப்படி அளப்பது என்று தெரியவில்லை. உள்பக்கம் சுற்றிலும் மெல்லிய கட்டை ஆணி அடித்து இருக்கிறது. அதுதானே பீடிங்?

உளிச்சத்தம்
அதேதான். அப்படியென்றால் மாமியார் மகள் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. தேக்குப் பலகையில் கையே வைக்க வேண்டாம். பீடிங்கை உளியால் மெதுவாக நெம்பி எடுத்து, பலகையை முழுசாக வெளியே எடுத்துவிடலாம். அதே அளவுக்கு 12 மி.மீ. மரைன் ப்ளைவுட் வெட்டி அந்த இடத்தில் வைத்து, பூனைக்கான ஓட்டையை ப்ளைவுட்டில் போடுங்கள். நாளைக்கு வேண்டாம் என்றால் பழைய பலகை பழையபடி போய் உட்கார்ந்துகொள்ளும். கடையில் சும்மா "வாட்டர் ப்ரூஃப்" என்று ஏதாவது எடுத்துக் கொடுப்பார்கள், ஏமாற வேண்டாம். பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்று இந்தியத் தர முத்திரை இருக்க வேண்டும். ஐ.எஸ். 303 என்றால் வேறு தரம், ஐப்பசி மழைக்கு ஓரம் விரியலாம்.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃப்ளஷ் டோரில் வெட்டலாம், ஆனால் உள்ளே நிரப்பியிருக்கும் கட்டை வெளியே தெரியும். அந்த வெட்டு விளிம்பில் பிரைமர் இரண்டு கோட் அடிக்காமல் சட்டத்தைப் பொருத்தினால் ஒரே மழைக்காலத்தில் ஊதிவிடும், அப்புறம் கரையானுக்கு விருந்து. பி.வி.சி. கதவு உள்ளே கூடு. ஸ்க்ரூ முறுக்க முறுக்க அமுங்கும், உள்ளே கட்டை சொருகாமல் நிற்காது.

மொட்டைமாடி (சென்னை)
நான் வாடகை ஃப்ளாட். பால்கனிக்குப் போகும் கண்ணாடி ஸ்லைடிங் கதவில் ஓட்டை போட முடியுமா? கறுப்பி மாதிரி எங்களுடையதும் குண்டு.

குரோய்டன்வாசி
டஃபன்டு கண்ணாடி என்றால் மறந்துவிடுங்கள். சூடாக்கிப் பதப்படுத்திய பிறகு அதில் துளை போட்டால் மொத்தமும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். ஓட்டையோடு புதுக் கண்ணாடி செய்யச் சொல்ல வேண்டும், பதப்படுத்தும் முன்பே வெட்டுவார்கள். நான் அப்படித்தான் செய்தேன், வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பழைய கண்ணாடியைக் கட்டிலுக்கடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சுலப வழி: ஸ்லைடிங் கதவை ஒரு சாண் திறந்து வைத்து, அந்த இடைவெளியில் தரையிலிருந்து மேல் வரை ஒரு ப்ளைவுட் பட்டையை நிறுத்தி அதில் பூனைக் கதவைப் போடுவது. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் அப்போது ஸ்லைடிங் பூட்டு விழாது, அதற்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த மாடி நீங்கள்?

மொட்டைமாடி
மூன்றாவது. பால்கனியில் வலை போட்டாயிற்று. திருடன் வருவதானால் பூனையை மிதித்துத்தான் வர வேண்டும். ப்ளைவுட் பட்டை யோசனை பிடித்திருக்கிறது, நன்றி.

நாஞ்சில்காரன் (நாகர்கோவில்)
எல்லாரும் பூனை போவதற்கு வழி பார்க்கிறீர்கள். வேறு என்னென்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீடு வயலை ஒட்டியது. மூன்று வருஷத்துக்கு முன் மலிவாக வெறும் தகடுக் கதவு ஒன்றை வாங்கி அடுக்களைக் கதவில் போட்டேன். முதல் மாதம் பக்கத்துத் தெருக் கடுவன் வந்து குக்கர் மூடியில் ஒன்றுக்குப் போய்விட்டுப் போனது. இரண்டாவது மாதம் பெருச்சாளி. கார்த்திகையில் ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து லைட்டைப் போட்டால், அரிசி டிரம்மைச் சுற்றி ஆறடியில் சாரைப்பாம்பு. அதற்கு விஷம் இல்லை என்று எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் காலுக்குத் தெரியவில்லை. பூனை? ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

சாரை வந்த வழியில் கட்டுவிரியனும் வரும். அது இரவில்தான் நடமாடும், கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. அன்றைக்கே அந்த ஓட்டையை அடைத்துவிட்டேன். ராஜபாளையம் மலையடிவாரம் வேறு. நன்றாக யோசித்துச் செய்யுங்கள்.

மீசைக்காரி (புதுச்சேரி)
இதற்காகத்தான் பூனையை வெளியே விடாதீர்கள் என்று தலை தலையாய் அடித்துக்கொள்கிறேன். தெருவில் வண்டி, நாய், சண்டை, தொற்றுநோய். வெளியே போகும் பூனை அணிலையும் சிட்டையும் விட்டுவைக்காது. சுற்றிலும் வலை அடித்த முற்றமோ பால்கனியோ இருந்தால் அதற்குப் போகக் கதவு வையுங்கள், நல்லது. திறந்த வெளிக்கு வேண்டாம்.

வேப்பமரத்தடி
நாஞ்சில்காரன் அண்ணன் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன், பெரிய தப்பு. இரண்டு நாளாக அரிசி டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறார்.

மீசைக்காரி அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் இரண்டும் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவை. அடைத்து வைத்துப் பார்த்தேன், கறுப்பி ஒரு வாரம் தொண்டை கட்டும்வரை கத்தினாள். தோட்டத்துக்கு மதில் இருக்கிறது, தெருவுக்கு அவ்வளவாகப் போவதில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷம் தவறாமல் போடுகிறோம். இரவில் உள்ளே, பகலில் இஷ்டம் என்று வைத்துக்கொண்டால்?

மீசைக்காரி
அதற்கு நாலு நிலைப் பூட்டு போதும். சாயங்காலம் ஆறு மணிக்கு "உள்ளே மட்டும்" என்று திருப்புங்கள். வெளியே இருப்பது வரலாம், வந்தது போக முடியாது. இரண்டும் வந்ததும் முழுப் பூட்டு. முழுப் பூட்டு விழுந்தால் பாம்பு தள்ளியும் திறக்காது, ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இல்லாதபடி மட்டும் பாருங்கள். இரவுச் சாப்பாட்டை அந்த நேரத்துக்கே வைத்தால் தானாக வந்துவிடும். பூனைக்கு மணி தெரியாது என்று யார் சொன்னது.

பாசிப்பயறு
ஒரு சின்னச் சந்தேகம். ராத்திரி முழுக்கப் பூட்டு என்றால், காலை நாலரைக்குக் கறுப்பி மறுபடி பிறாண்டுவாளே? இழை தொடங்கினதே அதற்குத்தானே?

மீசைக்காரி
…

உளிச்சத்தம்
சரியாகத்தான் கேட்கிறார்.

வேப்பமரத்தடி
மாமியார் நாலே முக்காலுக்கு எழுந்து வாசல் தெளிப்பவர். குமிழைத் திருப்பும் வேலையை அவரிடம் கொடுத்தால் எனக்கு ஒரு மணி நேரம் லாபம். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. இப்போது அளவு சொல்லுங்கள்.

குரோய்டன்வாசி
பூனையை டேப் வைத்து அளக்கப் போனால் கையைக் கீறும். அட்டைப்பெட்டியில் 15 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் சதுரமாக வெட்டி, உள்ளே மீனை வையுங்கள். தோளும் வயிறும் உரசாமல் போனால் அந்த அளவு சரி. உரசினால் ஒரு செ.மீ. கூட்டுங்கள். ரோமத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், இடுப்பைப் பாருங்கள்.

உளிச்சத்தம்
உயரத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுவது. ஓட்டையின் அடி விளிம்பு பூனையின் வயிற்று மட்டத்துக்கு வர வேண்டும், நிற்கும்போது. பத்து முதல் பதினைந்து செ.மீ. இருக்கும். இதை உள்தரையிலிருந்து மட்டும் அளந்து வெட்டிவிடுவார்கள். நம் ஊர்ப் பின்கட்டில் வெளியே ஒரு படியோ இரண்டு படியோ இறங்கும். உள்ளேயிருந்து தாண்டுவது லேசு, வெளியேயிருந்து வருவதற்கு முட்டியளவு குதிக்க வேண்டியிருக்கும். வயதான பூனைக்கு அது கஷ்டம். வெளியே ஒரு கல்லோ பலகையோ போட்டு மட்டத்தை ஏற்றுங்கள்.

அடுத்தது திருட்டு பயம். ஓட்டை வழியாக ஆள் வர முடியாது, கை வரும். தரையில் படுத்துக் கையை விட்டால் பெரிய ஆளுக்குத் தோள் வரை நுழையும். கீழ்த் தாழ்ப்பாளும் நடுத் தாழ்ப்பாளும் அந்தக் கைக்கு எட்டுமா என்று நீங்களே படுத்துப் பாருங்கள். எட்டினால் மேல் தாழ்ப்பாளை நம்புங்கள், இல்லை பூட்டுப் போடுங்கள். முடிந்தவரை தாழ்ப்பாள் பக்கம் வைக்காமல் கீல் பக்கத்துப் பலகையில் போடுவது நல்லது.

கட்டபொம்மன்நாய் (கோவில்பட்டி)
எங்களிடம் சிப்பிப்பாறை. நாய்க்கு இதே மாதிரி?

உளிச்சத்தம்
வேண்டாம் தம்பி. அந்த நாய் நுழையும் ஓட்டையில் மெலிந்த ஆளும் நுழைவான். பழைய வீடுகளில் இருந்த மாதிரி பெரிய கதவுக்கு முன்னால் ஓர் அரைக்கதவு போடுங்கள், பகலில் பெரிய கதவு திறந்தே இருக்கட்டும்.

வேப்பமரத்தடி (பதினாறு நாள் கழித்து)
நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளை நிறம், நாலு நிலைப் பூட்டு, 1,850 ரூபாய். அட்டைப்பெட்டிச் சோதனையில் செவலை காற்று மாதிரி போனான். கறுப்பி தலையை விட்டு மீனை மட்டும் எடுத்துக்கொண்டாள், உடம்பு வெளியிலேயே. இரண்டாவது தடவை மீனை ஆழத்தில் வைத்ததும் போனாள், உரசவில்லை.

தச்சர் ஞாயிறு வந்தார். பீடிங்கை நெம்பும்போது மாமியார் நாற்காலி போட்டு பக்கத்திலேயே உட்கார்ந்து "பாத்து, பாத்து" என்றபடி இருந்தார். நாலு பீடிங்கில் ஒன்று மட்டும் முனை உடைந்தது. பலகை வெளியே வந்ததும் உள்ளே மறைந்திருந்த ஓரம் மட்டும் வெண்ணெய் நிறத்தில் இருந்தது, மற்ற இடமெல்லாம் கருத்துப்போய். தச்சர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு "இப்ப இந்த மரம் கிடைக்காது" என்றார். மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ப்ளைவுட்டில் கதவோடு வந்த காகித அளவை ஒட்டி, நாலு மூலையிலும் துளையிட்டு, ஜிக்சாவில் வெட்டினார். கனம் குறைவு என்பதால் கூட வந்த போல்ட் நீளம் அதிகமாகி, நுனியை அறுத்துவிட்டார். ஓரமெல்லாம் பிரைமர். அரை நாள் வேலை, 900 ரூபாய் கூலி.

இப்போது கூத்து. இரண்டும் கதவுக்குப் பழகிய பிறகு, முதல் தடவையாக ஒரு நாள் இரவு குமிழை "உள்ளே மட்டும்" என்று திருப்பிவிட்டுப் படுத்தேன். பன்னிரண்டு மணிக்கு நல்ல மழை. காலையில் பார்த்தால் இரண்டும் வெளியே, துவைக்கும் கல்லுக்கு அடியில், நனைந்த துணி மாதிரி. கறுப்பி என்னைப் பார்த்த பார்வை! என்ன ஆனது என்றால், கதவை உள்பக்கம் வெளிப்பக்கமாக மாற்றிப் பொருத்திவிட்டார். குமிழ் தடையில்லாமல் திரும்பியதால் எனக்கு எது உள்பக்கம் என்று தோன்றவே இல்லை. "உள்ளே மட்டும்" என்பது "வெளியே மட்டும்" ஆகிவிட்டது. போனவை வர முடியவில்லை. வாங்குகிறவர்கள் தயவுசெய்து ஸ்க்ரூ முறுக்கும் முன் கையால் தள்ளி நாலு நிலையையும் சோதியுங்கள்.

பாசிப்பயறு
கறுப்பியிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?

வேப்பமரத்தடி
நெத்திலிக் கருவாடு நூறு கிராம். ஏற்றுக்கொண்டாள்.

குரோய்டன்வாசி
பழக்கியது எப்படி என்று எழுதுங்கள் அக்கா, பலருக்கு அங்கேதான் தடங்கல்.

வேப்பமரத்தடி
முதல் நாலு நாள் தகட்டைத் தூக்கி டேப் ஒட்டி வெறும் ஓட்டையாக விட்டேன். அந்தப் பக்கம் கருவாடு, இந்தப் பக்கம் நான். அப்புறம் தகட்டைப் பாதி இறக்கி ஒட்டினேன். முழுசாக இறக்கியதும் அடியில் இருக்கும் காந்தம் "டக்" என்று ஒட்டும் சத்தத்துக்குக் கறுப்பி பயந்துவிட்டாள். காந்தத்தின் மேல் சின்னத் துணித்துண்டு ஒட்டினேன், சத்தம் அமுங்கியது. செவலை இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். அவள் அவன் வாலைப் பார்த்துப் பார்த்து, ஒன்பதாம் நாள் யாரும் இல்லாதபோது போயிருக்கிறாள். கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார், விடவில்லை. ஒரு தடவை தள்ளினால் அப்புறம் அந்தப் பக்கமே வராது.

வெளியே ஒரு படி உயரத்துக்கு இரண்டு ஹாலோ பிளாக் கல் போட்டிருக்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த விறகையும் மாற்றிவிட்டேன், பாம்பு அண்ணன் புண்ணியத்தில்.

நாஞ்சில்காரன்
பாம்பு அண்ணனா! இருக்கட்டும். விறகை மாற்றியது ரொம்ப நல்லது. இரவில் பூட்டுகிறீர்கள்தானே?

வேப்பமரத்தடி
ஆறரைக்கு "உள்ளே மட்டும்", எட்டுக்கு முழுப் பூட்டு. காலையில் மாமியார் திறந்துவிடுகிறார். நான் கேட்கவே இல்லை, நாலரைக்கே எழுந்துவிடுகிறார் இப்போது. "அது ரெண்டும் வரிசையா போறத பாக்க நல்லா இருக்கு" என்கிறார்.

உளிச்சத்தம்
சந்தோஷம் அம்மா. அந்தத் தேக்குப் பலகையை என்ன செய்தீர்கள்? சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். படுக்கப் போட்டு வையுங்கள்.

வேப்பமரத்தடி
பழைய பட்டுச்சேலையில் சுற்றிப் பரணில் படுக்கப் போட்டு வைத்திருக்கிறார். எந்தச் சேலை என்று கேட்டேன், சொல்லவில்லை.